பாஸ் கேக்

சங்கரன்கோவில்
20.11.2025

அன்பு மகன் சாம்சனுக்கு அப்பா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் நாலு பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, ஒருவரோடு ஒருவர் சண்டை போடும் அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் சுகமாயிருக்க தினமும் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறேன். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று நினைப்பாய். போனில் ரெண்டாவது நிமிஷமே 'அப்பா, டூட்டி இருக்கு, பொறவு பேசுதேன்' என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது பார். போதாததற்கு மருமகள் எப்சிபாவின் போனில்தான் நான் பேச வேண்டியிருக்கிறது, அவள் பக்கத்தில் அபிஷா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். நான் சொல்ல வந்தது அவள் காதில் விழக்கூடாத விஷயம். நீ லீவுக்கு வருவாயா மாட்டாயா என்பது எங்கள் மூன்று பேருக்கும் பல கவலைகளில் ஒரு கவலை, உன் மகளுக்கு வேறு கவலையே கிடையாது, அது ஒன்றுதான். அதை வைத்து அவள் பிறந்தநாளில் இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, உன்னிடம் யாரும் சொல்லவும் மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன். உன்னோடு வேலை செய்யும் மாரிச்செல்வம் லீவு முடிந்து சனிக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி.

முதலில் வீட்டு விஷயத்தை முடித்துவிடுகிறேன். உன் அம்மாவுக்கு முட்டுவலி மழைக்காலம் வந்ததும் திரும்ப ஆரம்பித்திருக்கிறது, தைலம் தேய்த்துக்கொள்ளச் சொன்னால் வாசனை பிடிக்கவில்லை என்கிறாள், வலி மட்டும் பிடித்திருக்கிறது போல. மழை இந்தத் தடவை பரவாயில்லை, கிணற்றில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது. கடையில் கல்யாண சீசனுக்குச் சொல்லிவைத்த பித்தளைக் குத்துவிளக்குகள் வந்து இறங்கிவிட்டன, பாத்திரத்தில் பேர் வெட்ட இப்போதும் என்னிடம்தான் வருகிறார்கள், மெஷின் வைத்திருக்கிற பையன்கள் எழுத்தைக் கோணலாகப் போடுகிறார்களாம். எப்சிபாவுக்குப் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள், திருத்துகிற நோட்டுக் கட்டுகளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறாள், முகம் வாடித்தான் இருக்கிறது, கேட்டால் ஒன்றுமில்லை மாமா என்கிறாள். கரிவலத்துக் கொத்தனார் கணேசன் போன வாரம் வந்து மாடி வேலையைத் தை பிறந்ததும் தொடங்கலாமா என்று கேட்டுவிட்டுப் போனார், நீ சொன்னாயாம். எனக்குச் சொல்லவில்லை. அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கிறேன்.

இப்போது கேக்குக்கு வருவோம். அக்டோபர் கடைசியில் ஒரு நாள் நான் கடைக்குக் கிளம்பும்போது அபிஷா ஒரு துண்டுச் சீட்டை என் சட்டைப் பையில் திணித்துவிட்டு ஓடிப்போனாள். கடையில் போய்ப் பிரித்துப் பார்த்தால், 'தாத்தா எனக்கு பிறந்தநாளுக்கு பாஸ் கேக் வேண்டும்' என்று கட்டம் கட்டமான எழுத்தில் இருக்கிறது. காலாண்டுப் பரீட்சைப் பேப்பரெல்லாம் கொடுத்த சமயம் அது. அட, நம்ம பிள்ளை எல்லாப் பாடத்திலும் பாஸாகிவிட்டாள், அதற்குக் கேக் கேட்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். ரெண்டாம் வகுப்பில் ஃபெயில் ஆக்குகிற வழக்கமே இல்லை என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை. அன்றைக்குக் கடைக்கு வந்த ஆட்களிடமெல்லாம் பேத்தி பாஸ், பேத்தி பாஸ் என்று சொல்லி, சும்மா இருக்க முடியாமல் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரை எடுத்து 'அபிஷா பாஸ்' என்று பேரும் வெட்டி, சாயங்காலம் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, 'ஐயோ தாத்தா, பாஸ் இல்ல, பாஸ்!' என்றாள். எனக்கு ரெண்டும் ஒன்றாகவே கேட்டது. உதட்டை ஒட்டிவைத்து கன்னத்தை உப்பி மறுபடி ஒரு தடவை சொல்லிக் காட்டினாள், அப்போதுதான் பரீட்சை பாஸ் வேறு, அதிகாரியைச் சொல்கிற இந்த பாஸ் வேறு என்று புரிந்தது. தமிழில் எழுதினால் எல்லாவற்றுக்கும் ஒரே 'பா' தானே, நான் என்ன செய்வேன். உன் அம்மா ரெண்டு நாள் சிரித்தாள்.

அந்த பாஸ் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன தடவை வந்தபோது எப்சிபா போனில் நீ ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாயே ஒரு கோட்டை கேம், அதில் கடைசி வாசலில் கொம்பு வைத்துக்கொண்டு நிற்கிறானே, அவன்தான். எல்லாமே சின்னச் சின்னக் கட்டங்களால் ஆன உருவம், மூக்கும் சதுரம், கண்ணும் சதுரம். அவனை அடித்து விழத்தட்டினால் கோட்டைக் கதவு திறந்து உள்ளே அடைபட்டிருக்கிற ஆள் ஓடிவருவான், பாட்டுப் போடும். ரெண்டு வருஷமாக அந்தப் பிள்ளை தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அரை மணி நேரம் அவனோடு மல்லுக்கட்டுகிறாள், அவனும் ஒவ்வொரு தடவையும் இவளை அடித்து அனுப்பிவிடுகிறான். சரி, பிள்ளை ஆசைப்படுகிறாள் என்று பஜாரில் உள்ள பேக்கரியில் கேட்கப் போனோம். படத்தைப் பார்த்த பையன், 'இந்த கேம் நாங்க பார்த்ததே இல்லயே' என்று சொல்லி வேறு கேம்களின் படமாகத் தள்ளித் தள்ளிக் காட்டினான், தனியாகச் செய்தால் ஆகும் விலையையும் சொன்னான். உன் அம்மா அதைக் கேட்டதும் படியிறங்கி ரோட்டுக்கு வந்துவிட்டாள். வழியில்தான் எப்சிபா சொன்னாள், 'மாமா, கேக்கை நான் குக்கர்ல வேக வச்சுருவேன், ஆனா இந்த மூஞ்சி எனக்கு வராது, நீங்க தான் செய்யணும்.' பாத்திரத்தில் பேர் வெட்டுகிற கைக்கு இது ஒரு பெரிய காரியமா என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை, அதனால் சனிக்கிழமை காலையிலேயே வேலையை ஆரம்பித்தோம். மைதா, பொடித்த சீனி, தயிர், எண்ணெய், கொஞ்சம் சமையல் சோடா, வெனிலா எசன்ஸ், எல்லாம் வீட்டில் இருந்ததும் தெருக்கடையில் கிடைத்ததும்தான், முட்டை கூட இல்லை. எப்சிபா பெரிய குக்கரில் அடியில் கல் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு, உள்ளே மாவு ஊற்றிய தட்டை இறக்கி மூடினாள். நான் கடையிலிருந்து ஒரு சதுரமான தட்டு கொண்டுவந்திருந்தேன், கோட்டைக்கு மூலை வேண்டுமே. முதல் கேக் நடுவில் குழி விழுந்துவிட்டது. அதற்குக் காரணம் நான்தான் என்று உன் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், அதனால் நானே ஒத்துக்கொள்கிறேன், மூன்று தடவை மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். 'சோறு வடிக்கப் போற மாதிரி தொறந்து தொறந்து பாக்காதிய, நீங்க எந்திச்சு வெளிய போங்க' என்று உன் அம்மா என்னை அடுப்படியை விட்டே விரட்டினாள். ரெண்டாவது கேக் நன்றாக எழும்பி வந்தது. குழி விழுந்ததை வீணாக்கவில்லை, அபிஷா பார்த்துவிட்டு 'இது கோட்டையைச் சுத்தி இருக்குத தண்ணி' என்று சொல்லிவிட்டாள், அதைச் சுற்றி வெட்டி அடியில் வைத்து நீலக் கலர் சீனி பூசினோம். கோட்டைச் சுவருக்குக் கோவில்பட்டி கடலை மிட்டாய், அது செங்கல் அளவாகவே இருக்கிறது, சீனிப் பாகைத் தொட்டு ஒட்டினால் அசையவில்லை.

பாஸ் முகத்துக்கு நான் யோசித்து வைத்திருந்தது தேங்காய் பர்பி. நம் மரத்துத் தேங்காய்தான், உன் அம்மா கிண்டித் தட்டில் கொட்டிக் கொடுத்தாள், நான் அடிக்கோல் வைத்து அரை விரல் அளவுக் கட்டமாக வெட்டினேன். சிவப்புக்கு பீட்ரூட் போதும், கலர்ப்பொடி பிள்ளைக்கு ஆகாது என்று எப்சிபா சொன்னாள். பீட்ரூட் போட்டால் பாஸ் நல்ல ரோஸ் நிறத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார், கல்யாண வீட்டுச் சம்பந்தக்காரர் மாதிரி. அபிஷாவுக்கு அழுகையே வந்துவிட்டது, 'ரோஸ் கலர்ல இருந்தா யாரு தாத்தா பயப்படுவா' என்றாள். பிறகு துளி கேசரி பவுடர் கலந்து இன்னொரு தட்டு கிண்டினோம். கண்ணுக்கு உலர்ந்த திராட்சை, பல்லுக்குத் தேங்காய்ச் சில்லு. கொம்பு வைப்பதில்தான் வீட்டில் ஒரு யுத்தம். 'நம்ம சபை ஐயர் வந்து ஜெபம் பண்ணப் போற மேசையில கொம்பு வச்ச பிசாசையா வைப்பிய' என்று உன் அம்மா நிற்க, கொம்பு இல்லாவிட்டால் அது பாஸே இல்லை என்று உன் மகள் நிற்க, நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். கடைசியில் கடலை மிட்டாயை உடைத்து ஒரு கிரீடம் செய்து, அதில் ரெண்டு முனையை மட்டும் கொஞ்சம் உயரமாக விட்டேன். உன் அம்மாவுக்கு அது கிரீடம், அபிஷாவுக்கு அது கொம்பு.

இதற்கு மேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். தலையைக் கேக் மேல் பொருத்தும்போது கழுத்தை நான் தாராளமாகத் தடிமனாக வைத்தேன், விழாமல் நிற்கட்டும் என்று. அபிஷா ஒத்துக்கொள்ளவில்லை, ஒல்லியாக இருக்க வேண்டும், கத்தியை வைத்தால் ஒரே வெட்டில் தலை வந்துவிட வேண்டும் என்றாள். ஏன் மக்கா இவ்வளவு கோபம் என்று சும்மா கேட்டேன். அவள் பர்பித் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள், 'இவரு தான் தாத்தா அப்பாவை உள்ள வச்சிருக்காரு. கேம்ல என்னால ஜெயிக்க முடியல. கேக்ல வெட்டிட்டா கதவு தொறந்துரும்லா.' யார் சொன்னது என்றேன். 'அப்பா தான் சொன்னாவ. வரணும்னு தான் இருக்கேன் மக்கா, பாஸ் விட மாட்டேங்காருன்னு.' சாம்சன், என் கையில் கத்தி இருந்தது, அதை அப்படியே கீழே வைத்துவிட்டேன். நீ போனில் எத்தனை தடவை அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாய் என்று எண்ணிப் பார். கேம் கற்றுக் கொடுத்ததும் நீ, அதில் பாஸ் என்பவன் யார் என்று சொல்லிக் கொடுத்ததும் நீ, பிறகு அதே வாயால் பாஸ் விட மாட்டேன் என்கிறார் என்று சொன்னதும் நீ. பிள்ளை வேறு என்னத்தை நினைக்கும்? எப்சிபாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன், அவள், 'நாளைக்குப் பிறந்தநாள் மாமா, இன்னைக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம்' என்றாள். எனக்கும் சொல்ல மனசில்லை. உண்மையில் எனக்கே அந்த பாஸ் மேல் ஆத்திரம்தான். ஒரு தகப்பனைப் பெற்ற பிள்ளையின் முகம் பார்க்க விடாதவன் என்ன மனுஷன் என்று உன் அதிகாரியை மனசார வைதுகொண்டேதான் அந்தக் கழுத்தை ஒல்லியாக்கினேன். மூக்கையும் இன்னும் கொஞ்சம் கோரமாக்கினேன்.

ஞாயிறு காலை ஆராதனையில் அபிஷா பேரில் ஸ்தோத்திர காணிக்கை வைத்தோம், ஐயர் அவளை முன்னால் கூப்பிட்டு ஜெபித்தார். சாயங்காலம் அஞ்சரை மணிக்கு வீட்டில் ஜெபம், தெருவில் நாலு பிள்ளைகள், எப்சிபாவின் ஸ்கூலில் இருந்து அப்ரீன் பானு டீச்சர், அவ்வளவுதான் கூட்டம். ஐயர் கேக்கைக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்து, போட்டுப் பார்த்து, 'இது யாரும்மா, ஏதோ ராஜா மாதிரி இருக்காரே' என்றார். உன் அம்மா முந்திக்கொண்டு, 'ஆமா ஐயரே, ராஜா தான்' என்று ஆமென் போடாத குறையாகச் சொல்லிவிட்டாள். மெழுகுவர்த்தி அணைத்து எல்லாரும் பாடி முடித்ததும் அபிஷா கத்தியை ரெண்டு கையாலும் பிடித்துக் கழுத்தில் வைத்தாள். ஒரே வெட்டு, தலை தனியாக வந்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் கைதட்ட, இவள் மட்டும் கேக்கைப் பார்க்காமல் மேசையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன நேரமோ, அப்போதுதான் நீ வீடியோவில் வந்தாய். ஹாப்பி பர்த்டே மக்கா என்று நீ சொல்லி முடிக்கும் முன்னால் அவள் கேட்டாள், 'அப்பா, கதவு தொறந்துட்டா?' அவள் என்ன கேட்டாள் என்று கூட நீ கேட்கவில்லை. 'ஆமா மக்கா, தொறந்தாச்சு தொறந்தாச்சு. அப்பாவுக்கு டூட்டி இருக்கு, வைக்கேன்' என்று வைத்துவிட்டாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. அந்தப் பிள்ளை வீட்டுக்குள் குதித்த குதியை நீ பார்த்திருக்க வேண்டும். கட்டிலில் அவள் பக்கத்துத் தலையணையில் கிடந்த பொம்மைகளை எல்லாம் அள்ளி அலமாரிக்குள் தள்ளி, 'இங்கன அப்பா படுப்பாவ' என்று விரிப்பைத் தட்டிப் போட்டாள்.

ஆறரை மணி இருக்கும், மாரிச்செல்வம் ஒரு பரிசுப் பார்சலோடு வந்தான், புளியங்குடியில் அவன் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டு வருவதற்கு நேரமாகிவிட்டதாம். அபிஷா அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மேசையில் கிடந்த தலையைக் காட்டி, 'மாமா, ஒங்க பாஸை வெட்டிட்டேன், இனி அப்பா வந்துருவாவ' என்றாள். அவன் ஒன்றும் அறியாத பாவம், விழுந்து விழுந்து சிரித்தான். 'அவரை ஏன் மக்கா வெட்டுத, அவரு தங்கமான மனுஷன்லா! இந்த வருஷம் எல்லாருக்கும் லீவு குடுத்தாரே. ஒங்க அப்பாவை ரெண்டு தடவை கூப்பிட்டு, போயிட்டு வா, பிள்ளையைப் பார்த்துட்டு வான்னாரு. ஒங்க அப்பா தான் வேண்டாம் சார், லீவுக்குப் பதிலா சம்பளமா குடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டான்' என்று சொல்லிவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் அவனுக்குச் சிரிப்பு நின்றது. எப்சிபா கையில் இருந்த கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவளுக்கும் நீ சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உன் அம்மா, சாப்பிடுங்க சாப்பிடுங்க என்று எல்லாரையும் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மாரிச்செல்வம், 'அண்ணாச்சி, நான் தெரியாம சொல்லிட்டேன்' என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் மேல் நீ ஒரு வார்த்தை கோபப்படக் கூடாது, இது என் கட்டளை.

அபிஷா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் அந்தத் தலையைக் கையில் எடுத்து, கழுத்தில் வைத்து அமுக்கிப் பார்த்தாள், நிற்கவில்லை. சீனிப் பாகு கேட்டாள், கொடுத்தோம், மறுபடி வைத்தாள், கொஞ்சம் கோணலாக நின்றது. அதை யாரும் சாப்பிடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள், 'பாஸ் நல்லவருன்னா, அப்போ அப்பாவை யாரு தாத்தா விட மாட்டேங்கா?' நாளைக்கு அப்பாட்டயே கேட்போம் மக்கா என்றேன். மறுநாள் அவள் கேட்கவில்லை, அதற்கடுத்த நாளும் கேட்கவில்லை. நீ செவ்வாய்க்கிழமை போன் பண்ணியபோது ஹோம்வொர்க் இருக்கிறது என்று சொல்லி வராமல் இருந்தாளே, ஹோம்வொர்க் எதுவும் இல்லை. கேமையும் அதற்குப் பிறகு அவள் தொடவில்லை.

இப்போது மாடிக்கு வருகிறேன். நீ லீவுச் சம்பளத்தை எதற்கு வாங்கினாய் என்று கொத்தனார் மாடியைப் பற்றி வந்து கேட்டதை வைத்து நானே ஊகித்துக்கொண்டேன். கெட்ட செலவு செய்கிறவன் இல்லை நீ, அது எனக்குத் தெரியும். ஆனால் மகனே, கீழே நாங்கள் நாலு பேர் கை காலை நீட்டிப் படுத்தும் இடம் மிச்சம் இருக்கிறது. உன் அம்மாவுக்கு முழங்காலை மடக்கி மாடி ஏற முடியாது, எனக்கு ஏறி என்ன வேலை? மேலே கட்டி யாரைக் குடிவைக்கப் போகிறாய்? கொத்தனாரிடம் நான் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டேன், கோபம் வந்தால் என்னோடு நேரில் வந்து சண்டை போடு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். போன தடவை நீ திரும்பிப் போன அன்று அபிஷா உன் பையைப் பிடித்துக்கொண்டு விடாமல் கதறினாள், பஸ் ஸ்டாண்டில் நீயும் அழுதாய், தூண் பக்கம் திரும்பி நின்றதால் நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாய். மறுபடி அப்படி ஒரு தடவை விட்டுவிட்டுப் போக முடியாது என்று பயந்துதான் வராமலே இருந்துவிடலாம் என்று நீ நினைத்தாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அது உண்மையானால் அதை அப்படியே அவளிடம் சொல்லு. ஏழு வயதுதான், ஆனால் அப்பாவுக்கு அழுகை வரும் என்று சொன்னால் அவளுக்குப் புரியும். பாஸ் விடவில்லை என்ற பொய்யைத்தான் அவளால் நம்ப முடிந்தது, நம்பிக் கத்தியும் எடுத்தாள். நீ பொய் சொன்னது எனக்கு வருத்தம்தான், அதை ஒளிக்கவில்லை. அந்தப் பொய்யை நம்பி முன்பின் தெரியாத ஒரு மனுஷனை நானும் வைதேன், அதற்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஜெபத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி ஷிஃப்ட் என்றால் வெறும் டீயைக் குடித்துக்கொண்டே இருக்காதே. உனக்குக் கொடுத்தனுப்பும் ஊறுகாய் புளியங்குடி எலுமிச்சம்பழத்தில் உன் அம்மா போட்டது, ரெண்டு நாள் வெயிலில் வைக்க அங்கே வசதி இருந்தால் வை. எப்சிபாவுக்குத் தனியாகப் போன் பண்ணு, அவள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் உனக்குத் தெரியும். அவள் திட்டினால் வாங்கிக்கொள், நடுவில் வைத்துவிடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, முக்கியமாக வரத்தை. நான் ஜெபத்தில் அப்படித்தான் சேர்த்துக் கேட்கிறேன்.

ஒரு முக்கியமான காரியம், மறந்துவிடாதே. மாரிச்செல்வம் கொண்டுவருகிற பையில் ரெண்டு டப்பா இருக்கும். பெரியது உனக்கு, ஊறுகாய். சின்னது உனக்கு இல்லை, திறக்காதே. அதில் அந்தக் கடலை மிட்டாய்க் கிரீடத்தை அபிஷா ஒரு பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறாள், உன் அதிகாரிக்காம். கூட ஒரு சீட்டும் எழுதியிருக்கிறாள், ஒட்டும் முன்னால் எப்சிபா என்னிடம் படித்துக் காட்டினாள். 'சாரி பாஸ். எங்க அப்பாவை நீங்க பிடிச்சு வச்சிருக்கீங்கன்னு நினைச்சு உங்களை வெட்டிட்டேன். நீங்க இல்லன்னு மாமா சொன்னாங்க. இப்படிக்கு அபிஷா, 2-பி.' மாரிச்செல்வம் அதை அவர் கையில்தான் கொடுப்பதாக அவளுக்குச் சத்தியம் செய்திருக்கிறான். அவருக்குத் தமிழ் தெரியாதாம், உன்னைத்தான் கூப்பிட்டுப் படித்துச் சொல்லச் சொல்லுவார். ஒரு வரி விடாமல் படித்துச் சொல்லு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அப்பா
த. ஜெயசிங்